ஜப்பானிய ஏவி துறையில் அறிமுகப் படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய மொழியிலிருந்து ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். வயது வந்தோருக்கான காணொளிகளில் நடிப்பவர்களைக் காக்க ஜப்பான் நாடாளுமன்றம் 2022இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன் சாரத்தைத் தமிழில் எழுதி நண்பர்கள் சிலருக்கு அனுப்பினேன். அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்கிறார்கள். அவற்றில் அடிக்கடி வருபவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் மேலே உள்ள பதிலைச் சுட்டியிருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

ஏவி என்றால் என்ன? எல்லா ஆபாசப் படத்துக்கும் அந்தப் பெயர்தானா?

'அடல்ட் வீடியோ' என்பதை ஜப்பானியர் சுருக்கிக்கொண்ட பெயர் அது. திரையரங்கில் ஓடிய படங்களை அந்தப் பெயரால் அழைப்பதில்லை. நிக்கட்சு என்ற பெரிய படநிறுவனம் 1971 முதல் பாலுறவுக் கதைகளைத் திரைப்படமாக எடுத்து வந்தது. அவற்றில் உறவுக் காட்சிகள் நடிப்பு மட்டுமே. 1981 வாக்கில் வீட்டில் போட்டுப் பார்க்கும் வீடியோ கேசட்டுக்காகவே படங்கள் எடுக்கத் தொடங்கினார்கள். ஏவி என்ற தொழில் அப்படிப் பிறந்தது. அதன் போட்டியைத் தாங்க முடியாமல் 1988இல் நிக்கட்சு தன் வரிசையை நிறுத்திக்கொண்டது.

அட்டையில் 'தெபியூ', அதாவது அறிமுகம், என்று பெரிதாகப் போடுகிறார்களே, முதல் படத்துக்கு அப்படி என்ன மதிப்பு?

இந்தத் தொழிலில் அறிமுகம் என்பதே ஒரு சரக்கு. நடிகைகளை அங்கே இரண்டு வகையாகப் பிரித்துப் பேசுவார்கள். தன் பெயரையும் முகத்தையும் வைத்தே படம் விற்கக்கூடியவர் தனி நடிகை. அவரை ஒரு தயாரிப்பு நிறுவனம் 'சென்சோகு', அதாவது தனக்கு மட்டும் என்று ஒப்பந்தம் செய்துகொள்ளும். மற்றவர்கள் 'கிகாகு' நடிகைகள். படத்தின் கருவுக்காக அழைக்கப்படும் இவர்களின் பெயர் அட்டையில் இல்லாமலும் போகலாம். தனி நடிகைக்கு முதல் படம்தான் பெரும் விளம்பரத்தோடு வருகிறது. இதுவரை யாரும் பார்த்திராத முகம் என்பதே அதன் விலை.

புதுமை ஒரு தடவைதான் விற்கும். ஆகவே விற்பவருக்கு எப்போதும் அவசரம். நடிப்பவருக்கோ வாழ்நாள் முழுவதும் கூடவே வரப்போகிற ஒரு முடிவு. அவருக்குத் தேவை அவகாசம். கீழே பேசப்போகும் சட்டம், வழக்கு, சச்சரவு எல்லாவற்றுக்கும் அடியில் இந்த முரண் இருக்கிறது.

பெயர், வயது, 'நேற்றுவரை அலுவலகத்தில் வேலை பார்த்தவர்' என்ற கதையெல்லாம் உண்மையா?

பெயர் கிட்டத்தட்ட எப்போதும் புனைபெயர்தான். வாழ்க்கைக் கதை பாதி உண்மையாக இருக்கலாம், முழுக் கற்பனையாகவும் இருக்கலாம். வேறு பெயரில் முன்பே நடித்தவர் பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் அறிமுகமாவது உண்டு. 'தொழில்முறை சாராதவர்' என்று விற்கப்படும் படங்களில் தொழில்முறை நடிகைகள் நடிப்பதும் உண்டு.

அறிமுகப் படங்களின் தொடக்கத்தில் ஒரு நேர்காணல் வருவது வழக்கம். நாற்காலியில் அமர்ந்து, ஏன் வந்தேன் என்று அந்தப் பெண் கூச்சத்தோடு சொல்வார். பலர் அதைத்தான் அவருடைய சம்மதத்துக்குச் சான்றாக என்னிடம் காட்டுகிறார்கள். அந்த நேர்காணலும் படத்தின் ஒரு காட்சி. அதற்கும் இயக்குநர் உண்டு. கேமரா முன் சிரித்தார் என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இதில் இருப்பவர்கள் எல்லோரும் ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவர்களா?

இல்லை. தாமாகவே முகவர் நிறுவனத்துக்கு விண்ணப்பித்து, நிபந்தனைகளைப் பேசி, இதைத் தொழிலாகத் தேர்ந்தெடுத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தங்களைப் பரிதாபத்துக்குரியவர்களாகப் பார்ப்பதை அவர்கள் வெறுக்கிறார்கள். அந்த வெறுப்பில் நியாயம் இருக்கிறது.

ஏமாற்றப்பட்டவர்களும் இருக்கிறார்கள். டோக்கியோவின் ஷிபுயா, ஷின்ஜுகு போன்ற இடங்களில் தெருவில் நின்று இளம்பெண்களிடம் பேச்சுக்கொடுக்கும் ஆள்பிடிப்பவர்கள் 'மாடலிங்', 'பாடகியாக வாய்ப்பு' என்றுதான் தொடங்குவார்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒரே துறையில், சில சமயம் ஒரே நிறுவனத்தில்கூட இருந்திருக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு, படமும் வெளியான பிறகு 'கட்டாயப்படுத்தினார்கள்' என்றால் எப்படி நம்புவது?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். எதில் கையெழுத்துப் போட்டார் என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய வழக்கத்தில் ஒரு பெண் முகவர் நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தில் எந்தப் படம், என்ன காட்சி, யாரோடு என்ற எதுவும் இல்லாமல் இருக்கலாம். 'நிறுவனம் தரும் வேலைகளைச் செய்வேன்' என்ற அளவில் பொதுவாக இருக்கும். படப்பிடிப்பு நாள் குறித்த பிறகுதான் அது என்ன வேலை என்று தெரியவரும். மறுத்தால் அரங்க வாடகை, ஆட்களின் கூலி, கைவிட்ட விளம்பரம் என்று ஒரு நஷ்டக் கணக்கை நீட்டுவார்கள். வீட்டுக்குச் சொல்லிவிடுவோம் என்ற மிரட்டலும் சேர்ந்துகொள்ளும். இருபது வயதுப் பெண்ணைப் பணிய வைக்க இவையே போதும். கதவைப் பூட்ட வேண்டியதில்லை.

டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2015 செப்டம்பரில் தீர்த்த ஒரு வழக்கு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே ஆள்பிடிக்கப்பட்ட ஒரு பெண், இருபது வயதானதும் ஏவியில் நடிக்க வைக்கப்பட்டார். மேற்கொண்டு நடிக்க அவர் மறுத்தபோது முகவர் நிறுவனம் 2 கோடியே 46 லட்சம் யென் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. இது இயல்பிலேயே ஒருவரது விருப்பத்துக்கு மாறாகச் செய்ய வைக்கக் கூடாத வேலை, அவர் உடனே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று கூறி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

2016 மார்ச்சில் டோக்கியோவின் ஹியூமன் ரைட்ஸ் நவ் என்ற மனித உரிமை அமைப்பு இப்படிப்பட்ட வற்புறுத்தல்களைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டது. யூட்யூபில் பெயர்பெற்ற குருமின் அரோமா, பாடகியாக்குகிறோம் என்று சொல்லித் தன்னை எப்படி நடிக்க வைத்தார்கள் என்று முகத்தை மறைக்காமல் பேசினார். படம் வெளியாகி ஆண்டுகள் கழித்துப் பேசினார் என்பதற்காக ஒருவரைப் பொய்யர் என்று சொல்வது தவறு. மிரட்டலின் கருவியே அந்தப் படம்தான் என்னும்போது, பேச ஆண்டுகள் ஆகத்தான் செய்யும்.

2022இல் அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தார்களாமே, ஏன்?

ஜப்பானில் சட்டப்படி ஒருவர் முழு வயதடையும் எல்லை 2022 ஏப்ரல் 1 அன்று 20இலிருந்து 18ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய நாள்வரை, 18, 19 வயதில் பெற்றோர் சம்மதமின்றிப் போட்ட ஒப்பந்தத்தை 'நான் மைனர்' என்ற ஒரே காரணத்தால் ரத்து செய்யலாம். அந்த வயதினரை அறிமுகப் படத்துக்கு இழுக்கத் தயாரிப்பாளர்கள் தயங்கியதற்கு அந்தச் சிவில் சட்ட விதி ஒரு பெரிய காரணம். ஒரே இரவில் அந்தக் கவசம் கழன்றது.

பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பாடுபட்ட அமைப்புகள் எழுப்பிய குரலைக் கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஜூன் 15இல் மேலவையில் சட்டம் நிறைவேறி, 23இல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் முழுப் பெயர் ஒரு பத்தி நீளம். நாளிதழ்கள் 'ஏவி புதுச் சட்டம்' என்று எழுதுகின்றன.

சரி, அந்தச் சட்டப்படி இன்று ஒரு அறிமுகப் படம் எப்படி எடுக்கப்பட வேண்டும்?

ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி ஒப்பந்தம், எழுத்தில். மேலே சொன்ன பொத்தாம்பொதுவான கையெழுத்து இனிச் செல்லாது. என்ன செய்ய வேண்டியிருக்கும், எங்கே, எப்படி வெளியிடப்படும், எவ்வளவு ஊதியம் என்பவை அதில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன்பே விளக்கக் குறிப்பு ஒன்றைத் தர வேண்டும். முகம் அடையாளம் தெரிந்துவிடக்கூடும், ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதெல்லாம் அதில் சொல்லப்பட வேண்டும்.

ஒப்பந்த ஆவணங்களைக் கையில் கொடுத்து ஒரு மாதம் கழியாமல் படப்பிடிப்பு நடத்தக் கூடாது. படப்பிடிப்பு முடிந்து நான்கு மாதம் கழியாமல் வெளியிடக் கூடாது. வெளியிடும் முன் நடித்தவர் படத்தைப் பார்க்க வாய்ப்புத் தர வேண்டும்.

ஒரு மாதம், நான்கு மாதம் என்ற கணக்கு எதற்கு? வேண்டுமென்றால் வேண்டும், வேண்டாமென்றால் வேண்டாம் என்று அன்றே சொல்லக்கூடாதா?

எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் 'வேண்டாம்' என்று சொல்வது எளிதல்ல. வீட்டுக்குப் போய், தூங்கி எழுந்து, நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிய பிறகு வரும் பதில் வேறாக இருக்கும். அதற்குத்தான் முதல் மாதம்.

நான்கு மாதத்துக்குக் காரணம் இன்னும் அழுத்தமானது. என்ன செய்யப்போகிறோம் என்பது அறிமுக நடிகைக்குக் காகிதத்தில்தான் தெரியும். செய்து பார்த்த பிறகுதான் அது தன்னால் தாங்கக்கூடியதா என்று புரியும். புரிந்தபோது படம் ஏற்கெனவே இணையத்தில் இருந்தால் புரிந்து என்ன பயன்? இந்தச் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இது. முன்பு ஒரு நொடியில் வாங்கப்பட்ட 'சரி' என்ற சொல்லை அது பல துண்டுகளாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் 'மாட்டேன்' என்று சொல்ல இடம் வைத்திருக்கிறது.

படப்பிடிப்பின் நடுவில் மனம் மாறினால்?

ஒப்பந்தத்தில் எழுதி ஒப்புக்கொண்ட செயலாக இருந்தாலும் அந்த இடத்திலேயே மறுக்கலாம். அதனால் யாருக்கு என்ன செலவு ஆனாலும் மறுத்தவரிடம் இழப்பீடு கேட்க முடியாது. 2015 தீர்ப்பு ஒரு பெண்ணுக்குத் தந்ததை இந்தச் சட்டம் எல்லோருக்கும் தந்துவிட்டது.

படம் வெளியான பிறகும் ரத்து செய்யலாமா? வாங்கிய பணம் என்ன ஆகும்?

வெளியான நாளிலிருந்து ஓராண்டு வரை, காரணம் எதுவும் சொல்லாமல் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். சட்டம் வந்த முதல் இரண்டு ஆண்டுகளில் போடப்பட்ட ஒப்பந்தங்களுக்கு மட்டும் இந்தக் காலம் இரண்டு ஆண்டு. ரத்தானால் விற்பனையையும் ஒளிபரப்பையும் நிறுத்தும்படி கேட்கும் உரிமை வருகிறது.

இரு தரப்பும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதால் வாங்கிய ஊதியத்தைத் திருப்பித் தர வேண்டிவரலாம். அதற்கு மேல் அபராதம், நஷ்டஈடு என்று ஒரு யென்கூடக் கேட்க முடியாது. ரத்து செய்ய விடாமல் தடுப்பதற்காகப் பொய் சொன்னாலோ மிரட்டினாலோ 3 ஆண்டு வரை சிறை அல்லது 30 லட்சம் யென் வரை அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்துக்கு 10 கோடி யென் வரை அபராதம். ஒப்பந்த ஆவணத்தையே தராமல் விட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்படியானால் 18 வயது ஆனவர் இப்போது நடிக்கலாமா?

சட்டம் தடுக்கவில்லை. 18க்குக் கீழே என்றால் அது சிறார் ஆபாசக் குற்றம். ஒப்பந்தம், சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 18, 19 வயதினருக்கு 2022 சட்டத்தின் பாதுகாப்பு மற்றவர்களைப் போலவே உண்டு. துறைக்குள் சுயகட்டுப்பாட்டுக்காக 2017இல் அமைந்த ஏவி மனித உரிமை நெறிமுறை அமைப்பு, 20 வயது நிரம்பியவர்களையே நடிக்க வைக்கும்படி தன் உறுப்பினர்களுக்குப் பரிந்துரைத்தது. அது சட்டமாகவே ஆகியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆண் நடிகர்களுக்கும் இது பொருந்துமா? யாரோ தனியாகக் கைப்பேசியில் எடுத்து விற்றால்?

இரண்டுக்கும் ஆம். சட்டம் பால் வேறுபாடு பார்ப்பதில்லை. எடுப்பவர் பெரிய நிறுவனமா தனிநபரா என்றும் பார்ப்பதில்லை.

உறவு நடிப்பல்ல, உண்மை என்கிறார்கள். அப்படியானால் விபசாரத் தடுப்புச் சட்டம் ஏன் பாயவில்லை? மொசைக் மட்டும் போட்டால் போதுமா?

இவை இரண்டு வெவ்வேறு சட்டங்கள். மொசைக், அதாவது பிறப்புறுப்பு தெரியாதபடி கட்டம் கட்டமாக மங்கலாக்குவது, 1907ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் ஆபாசப் பொருள்களைப் பரப்புவதைத் தடுக்கும் 175ஆம் பிரிவுக்காக. விபசாரத் தடுப்புச் சட்டம் 1956இல் வந்தது. முன்பின் குறிப்பிடப்படாத எவரோடும் பணத்துக்காக உறவுகொள்வதையே அது விபசாரம் என்கிறது. ஒப்பந்தத்தில் பெயர் குறித்த சக நடிகரோடு நடிப்பது அந்த வரையறைக்குள் வராது என்பது துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விளக்கம்.

பெண்ணுரிமை அமைப்புகளில் ஒரு பகுதியினர் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. கேமரா முன் உண்மையான உறவையே தடை செய்ய வேண்டும், 2022 சட்டம் அதற்கு மறைமுக அங்கீகாரம் தந்துவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். வேறு சட்டப்படி குற்றமானது எதையும் இந்தச் சட்டம் குற்றமற்றதாக்கிவிடாது என்று அதிலேயே எழுதிச் சேர்த்தது அதனால்தான்.

நடிகைகளே இந்தச் சட்டத்தை எதிர்த்தார்களாமே? அவர்களைக் காக்கத்தானே வந்தது?

எதிர்த்தார்கள்; அவர்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். அறிமுக நடிகைக்குத் தேவைப்படும் ஒரு மாத அவகாசம், பத்தாண்டு அனுபவமுள்ளவருக்கும் அப்படியே பொருந்துகிறது. ஒருவர் உடல்நலமின்றி வராமல் போனால் வேறொருவரை அந்த வாரமே அழைக்க முடியாது. கிகாகு நடிகைகள் பெரும்பாலும் இப்படிக் கிடைக்கும் வேலைகளை நம்பி இருந்தவர்கள். சட்டம் வந்த கோடையில் அவர்களில் பலருக்குப் படப்பிடிப்புகள் ரத்தாகி வருமானம் நின்றது. வரைவு எழுதியபோது எங்களை யாரும் கேட்கவில்லை என்ற அவர்களுடைய குறை நியாயமானது.

அனுபவமுள்ளவர்களுக்குக் காத்திருக்கும் காலத்தைக் குறைப்பது பற்றிப் பேசலாம் என்றே நானும் நினைக்கிறேன். முதல் படத்துக்கு மட்டும் ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாது.

முகம் வெளியான பிறகு வேறு வாழ்க்கை உண்டா?

உண்டு, ஆனால் அதற்கு விலையும் உண்டு. அடையாளம் தெரிந்துபோவதை ஜப்பானியர் 'மிபாரே' என்கிறார்கள். அறிமுகமாகும் பெண்கள் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயப்படுவது அதற்குத்தான்.

1990களில் ஏவியிலிருந்து தொலைக்காட்சிக்குப் போய் நாடறிந்தவரான இஜிமா ஐ, 2000இல் எழுதிய தன்வரலாறு பெரும் விற்பனை கண்டது. அவர் 2008இல் இளம் வயதிலேயே இறந்தார். 2002இல் அறிமுகமான சோரா அவோயி சீனாவில் பெரும் புகழ் பெற்றார். பின்னாளில் திருமணம் செய்து தாயானார். சுசுகி சுசுமி பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நடித்தவர். பிறகு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து, நிக்கேய் பொருளாதார நாளிதழில் செய்தியாளரானார். அவருடைய கடந்த காலத்தை ஒரு வார இதழ் 2014இல் வெளியிட்டது. அவர் ஒளிந்துகொள்ளாமல் தொடர்ந்து எழுதினார். 2022இல் அகுதாகவா இலக்கியப் பரிசின் இறுதிப் பட்டியலில் அவருடைய நாவல் இடம்பெற்றது. இந்த மூவரைச் சொல்லும்போது, பெயர் வெளியே தெரியாமல் வேலையையும் ஊரையும் மாற்றிக்கொண்டு வாழ்பவர்களையும் நினைத்துக்கொள்கிறேன்.

சட்டத்துக்கு முன்னால் எடுத்த படங்களுக்கு வழியே இல்லையா?

2022 ஜூன் 23க்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கு இந்த ரத்து உரிமை கிடையாது. ஆனால் மேலே சொன்ன நெறிமுறை அமைப்பு 2018 முதல் பழைய படங்களின் விற்பனையை நிறுத்தக் கோரும் விண்ணப்பங்களை வாங்கி, உறுப்பு நிறுவனங்களுக்கு அனுப்பிவருகிறது. அந்த அமைப்பில் சேராத நிறுவனங்களை இது கட்டுப்படுத்தாது.

விற்பனையை நிறுத்தினாலும் இணையத்தில் களவாகச் சுற்றுகிறதே?

சுற்றுகிறது, இதுதான் சட்டத்தின் பலவீனமான இடம். நீக்கச் சொல்லி கோரிக்கை வந்தால் பதிவேற்றியவரின் பதிலுக்காக இணைய நிறுவனம் பொதுவாக 7 நாள் காத்திருக்கும். இத்தகைய படங்களுக்கு அதை 2 நாளாகக் குறைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் தளங்களுக்கு ஜப்பானியச் சட்டத்தின் கை எட்டுவது கடினம். நிறுத்தப்பட்ட ஒரு படத்தைத் 'தேடிக் கண்டுபிடித்துவிட்டேன்' என்று பகிர்பவர், அந்தப் பெண் சட்டப்படி சொன்ன 'மாட்டேன்' என்ற சொல்லைக் காலில் போட்டு மிதிக்கிறார். என்னிடம் அப்படி இணைப்புக் கேட்டவர்களோடு நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

டோக்கியோவில் படிக்கும் என் தோழிக்கு 'மாடலிங்' வேலை என்று அழைப்பு வந்திருக்கிறது. சந்தேகமாக இருக்கிறது. என்ன செய்யச் சொல்வது?

தனியாக அலுவலகத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். அடையாள அட்டையின் நகலையோ பல்கலைக்கழகத்தின் பெயரையோ முதல் சந்திப்பில் தர வேண்டாம். 'சோதனைக்காக' என்று ஆடை குறைத்துப் படம் எடுக்கக் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். எந்தக் காகிதமாக இருந்தாலும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லட்டும். அதற்கு அவர்கள் மறுத்தால் அந்த நிறுவனத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும், படமே எடுத்திருந்தாலும் தாமதமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ரத்து பற்றி மேலே எழுதியதைக் காட்டுங்கள். ஜப்பானுக்குள் இருந்து #8891 என்ற எண்ணுக்கு அழைத்தால் பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவி மையத்தோடு இணைப்பார்கள். ஏவி ஒப்பந்தம் பற்றியும் அங்கே கேட்கலாம். காவல்துறையின் பாலியல் குற்ற ஆலோசனை எண் #8103. ஜப்பானிய மொழியில் பேசத் தயக்கமாக இருந்தால் மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழைக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும், வந்த செய்திகள் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருக்கட்டும்.